வீட்டில் ஆர்க் வெல்டிங் பழகுதல்: 60இல் ராடு ஒட்டுகிறது, 90இல் டியூப் ஓட்டையாகிறது

மாடித்தோட்டம்_கோவை:

வணக்கம். மொட்டைமாடியில் செடித்தொட்டிகள் வைக்க மூன்றடுக்கு ஸ்டாண்டு ஒன்றை நானே பற்றவைத்துச் செய்ய விரும்புகிறேன். வெல்டிங்கில் முன்பழக்கம் இல்லை.

கையில் இருப்பவை: ஒற்றை ஃபேஸில் ஓடும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின், 2.5 மிமீ 6013 வகை ராடு (பூச்சுள்ள வெல்டிங் குச்சி) ஒரு பாக்கெட், மெஷினோடு வந்த கைப்பிடிக் கண்ணாடி, 4 இஞ்ச் கிரைண்டர், 16 கேஜ் 1 இஞ்ச் ஸ்கொயர் டியூப். மாடிப்படி அறையில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுக் கரண்ட் எடுக்கிறேன். மெஷினில் ஹாட் ஸ்டார்ட், ஆர்க் ஃபோர்ஸ் என்று தனித்தனித் திருகுகள் உண்டு.

60 ஆம்பியரில் ராடு டியூபோடு ஒட்டிக்கொள்கிறது. 90க்கு ஏற்றினால் நன்றாகப் பற்றுகிறது, ஆனால் நொடியில் ஓட்டை விழுகிறது. இடையில் சரியான அளவு எது? ராடு சைஸை மாற்ற வேண்டுமா? எந்த வரிசையில் பழகினால் கை வரும்?

கரூர்_பட்டறை:

தம்பி, முதலில் அந்த டியூபை ஓரமாக வைத்துவிடுங்கள். 16 கேஜ் என்றால் 1.6 மிமீ சுவர். பழகுகிறவர் கைக்கு வீட்டு வேலையில் இதைவிடக் கடினமான இரும்பு கிடையாது. உங்கள் மெஷின் ஆம்பியரை மாறாமல் பிடித்துக்கொள்ளும் வகை. அதனால் ராடு முனை இரும்பைவிட்டு விலக விலக வோல்டேஜ் ஏறும், சூடும் அகலமாகப் பரவும். பழகாத கை மேலும் கீழும் ஆடும்போது 6 மிமீ தகடு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். 1.6 மிமீ சுவரால் முடியாது, உருகி விழுந்துவிடும். இப்போது நீங்கள் பழக வேண்டியது கைநிதானம். ஓட்டையை அடைப்பது அதற்கு ரொம்பப் பின்னால் வருகிற வேலை.

பழைய இரும்புக் கடையில் 50 மிமீ அகலம், 6 மிமீ கனம் உள்ள பட்டை 10 கிலோ வாங்குங்கள். மீட்டருக்கு 2.35 கிலோ வரும். 15 செமீ துண்டாக வெட்டினால் 28 துண்டு கிடைக்கும். கிரைண்டரில் துருவையும் கருப்புத் தோலையும் எடுத்து, இரும்பு வெள்ளையாகத் தெரிகிற மாதிரி ஒரு முகத்தைச் சுத்தம் செய்யுங்கள். எர்த் கிளாம்ப் (மெஷினின் இன்னொரு கேபிள் முனையில் இருக்கும், இரும்பைக் கவ்வும் பிடி) கடிக்கிற இடமும் அதே மாதிரி வெள்ளையாக இருக்கணும். துரு மேலோ பெயின்ட் மேலோ கிளாம்பைப் போட்டுவிட்டு ராடைக் குறை சொல்கிறவர்கள் ஏராளம். 60இல் ஒட்டுவதற்கு முதல் சந்தேகம் எர்த், இரண்டாவது உங்கள் எக்ஸ்டென்ஷன் வயர், மூன்றாவதுதான் ஆம்பியர்.

கடையில் ராடு கேட்கும்போது 12 நம்பர் என்றால் 2.5 மிமீ, 10 நம்பர் என்றால் 3.15 மிமீ, 8 நம்பர் என்றால் 4 மிமீ. பாக்கெட் மேல் ஆம்பியர் அளவு அச்சிட்டிருக்கும், அதையே நம்புங்கள். 6013க்கு நடைமுறையில் 12 நம்பர் 60 முதல் 90 வரை, 10 நம்பர் 90 முதல் 130 வரை. பழக 10 நம்பர் சுகம், ஏனென்றால் கம்பி தடிமனாக இருப்பதால் வளைந்து ஆடாது. 6 மிமீ பட்டையில் 110 வைத்து ஆரம்பிக்கலாம். கையிலிருக்கும் 12 நம்பரிலேயே ஆரம்பித்தால் 85 வையுங்கள்.

பற்றவைக்கும் விதம்: ராடு முனையைத் தீக்குச்சி உரசுவது போல 2 செமீ தூரம் தகட்டில் இழுத்து, வெளிச்சம் வந்ததும் 3 மிமீ தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு மெதுவாகக் கீழே இறக்குங்கள். பலரும் வெளிச்சம் வந்ததும் பயந்து அப்படியே அழுத்திவிடுகிறார்கள், ராடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் மணிக்கட்டை இடமும் வலமும் சட்டென்று திருப்புங்கள். வரவில்லையென்றால் ஹோல்டர் (ராடைக் கவ்வும் கைப்பிடி) பிடியை அமுக்கி ராடை விடுவித்துவிட்டு, பிறகு தட்டி எடுங்கள். அந்த ராடின் முனையில் பூச்சு பெயர்ந்திருந்தால் வேண்டாத துண்டு ஒன்றின் மேல் பற்றவைத்து, பூச்சு முழுதாக இருக்கும் இடம் வரை எரித்துவிட்டு வேலைக்கு வாருங்கள்.

ஓட்டம் (ராடை நகர்த்திப் போடும் வெல்டுக் கோடு) போடும்போது வலது கைக்காரர் இடமிருந்து வலமாகப் போகணும். ஹோல்டர் பக்கம் போகிற திசையில் 10 முதல் 20 டிகிரி சாய்ந்திருக்க, முனை பின்னால் இருக்கும் உருகிய குட்டையைப் பார்க்கணும். முனைக்கும் இரும்புக்கும் இடைவெளி ராடு கம்பியின் கனத்தைத் தாண்டக் கூடாது. 6013இல் பூச்சின் விளிம்பு இரும்பைத் தொட்டும் தொடாமலும் போகலாம், ஒட்டாது. ராடு எரிந்து குறையக் குறையக் கையை இறக்கிக்கொண்டே வரணும். புதியவர்கள் பக்கவாட்டில் நகர்வதில் கவனம் வைத்து இறக்குவதை மறந்துவிடுகிறார்கள், அதனால் ஓட்டத்தின் இரண்டாம் பாதி முழுக்கத் தெறிப்பாக இருக்கும்.

35 செமீ நீளமுள்ள 12 நம்பர் ராடு 85 ஆம்பியரில் ஏறக்குறைய ஒரு நிமிடம் எரியும். ஓட்டத்தின் அகலம் ராடு கனத்தைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. இந்த இரண்டு அளவும் வந்தால் வேகம் சரி. ராடில் 5 செமீ மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் போனால் ஹோல்டர் வாய் கருகும்.

இடது கையும் சும்மா இருக்கக் கூடாது. அது வலது மணிக்கட்டைத் தாங்கணும். முழங்கை மேசையிலோ தொடையிலோ ஊன்றியிருக்கணும். ஹோல்டர் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டால் கேபிளின் எடை கையை இழுக்காது. இதற்கெல்லாம் அந்தக் கைப்பிடிக் கண்ணாடி உதவாது, ஒரு கையை அது தின்றுவிடும். தலையில் மாட்டுகிற ஷீல்டு வாங்குங்கள்.

மின்வழி:

கரூர் அண்ணன் எக்ஸ்டென்ஷன் வயரைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

85 ஆம்பியரில் ராடு முனையில் வோல்டேஜ் சுமார் 23.5 இருக்கும், அதாவது 2 கிலோவாட். மெஷினுக்குள் வீணாவதையும், சாதாரண இன்வெர்ட்டர்களின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையாக வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.7 அளவில் இருப்பதையும் சேர்த்தால் பிளக்கிலிருந்து இழுப்பது 15 ஆம்பியர் சுற்றி வரும். அண்ணன் சொன்ன 10 நம்பரை 110இல் ஓட்டினால் 20 ஆம்பியரைத் தொடும். 15 ஆம்பியர் பிளக்குக்கு அது அதிகம். இடைவெளி விட்டு விட்டு எரிப்பதால் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) உடனே விழாமல் இருக்கலாம், ஆனால் பிளக்கின் பின்கள் சூடேறிப் பழுக்கும். ஆகவே இப்போதைய வயரிங்கில் 12 நம்பரோடு நில்லுங்கள். 10 நம்பர் வேண்டுமானால் மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் வயரில் தனி லைன், 20 ஆம்பியர் சி வகை எம்சிபி, இண்டஸ்ட்ரியல் சாக்கெட் என்று எலக்ட்ரீஷியனிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயர் 1 ஸ்கொயர் எம்எம் என்றால், போக வர 40 மீட்டரில் 15 ஆம்பியருக்கு 11 வோல்ட் குறையும், 160 வாட் சூடாக அந்த வயரிலேயே தங்கும். சுருளாக விட்டிருந்தால் இன்சுலேஷன் உருகிவிடும். 2.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் கீழே வேண்டாம், முழுவதையும் பிரித்துப் போடுங்கள். மாலை நேரத்தில் லைன் வோல்டேஜே 200க்குக் கீழே இறங்குகிற பகுதி என்றால், பழகுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 230 வோல்ட் வயரை நீட்டாமல் மெஷினைப் படி அறையிலேயே வைத்துவிட்டு, வெல்டிங் கேபிளை நீட்டுங்கள். 16 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் ஹோல்டருக்கு 10 மீட்டர், எர்த்துக்கு 10 மீட்டர் போட்டாலும் 100 ஆம்பியரில் இழப்பு இரண்டரை வோல்ட்தான். கேபிள் முனைச் சொருகிகளைத் திருப்பி இறுக்க மறக்காதீர்கள், தளர்ந்திருந்தால் அந்த இடமே கருகும். மெஷினைத் தள்ளி வைப்பதில் இன்னொரு லாபம், கிரைண்டர் தூள் அதற்குள் போகாது. அது இரும்புத்தூள். மெஷினின் ஃபேன் அதை உள்ளே இழுத்துக் கார்டின் (சர்க்யூட் போர்டு) மேல் படிய வைக்கிறது, கார்டு ஷார்ட் ஆவதற்குப் பெரிய காரணம் அதுதான். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, புளோயரால் ஊதிவிடுங்கள்.

அந்த 15 ஆம்பியர் பிளக் வீட்டு யுபிஎஸ் லைனில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பின்னில் உண்மையான எர்த் இருக்க வேண்டும். வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் ஸ்விட்ச்) இருப்பதால் ஷாக் அடிக்காது என்று நினைக்க வேண்டாம். அது இன்புட் பக்கக் கசிவுக்கு மட்டும். ஹோல்டர் பக்கம் தனிச்சுற்று, அங்கே உங்களுக்கு ஷாக் அடித்தாலும் ஆர்சிசிபி விழாது. எரியாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் டிசி நிற்கும். வியர்வையில் நனைந்த கையுறையோடு ராடு மாற்றக் கூடாது. இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். மழை ஈரம் இருக்கும் மாடித்தளத்தில் நிற்காமல் காய்ந்த பிளைவுட் பலகை மேல் நில்லுங்கள்.

கடைசியாக, மெஷின் தகட்டில் டியூட்டி சைக்கிள் 60% என்றிருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்தில் 6 நிமிடம் எரித்து 4 நிமிடம் ஆற விட வேண்டும் என்று பொருள். கோடை வெயிலில் மெஷினை நிழலில் வையுங்கள்.

கண்ணாடி11:

மொட்டைமாடி என்பதால் இதைச் சொல்லியே ஆகணும். ஆர்க்கில் வரும் புற ஊதா வெளிச்சம் உங்கள் கண்ணோடு நிற்காது, பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவருக்கும் படும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பி உங்கள் ஷீல்டுக்குப் பின்பக்கமாகவும் வரும். தார்ப்பாயோ தகரமோ கட்டி மூன்று பக்கம் மறைத்துவிட்டு ஆரம்பியுங்கள். குழந்தைகள் மாடிக்கு வராமல் கதவைத் தாழிடுங்கள்.

கண்ணில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், உறுத்தலும் நீர் வடிவதும் தொடங்கும், விளக்கைப் பார்க்க முடியாது. கண்ணைக் கசக்காமல், கையில் கிடைத்த சொட்டு மருந்தையோ தாய்ப்பாலையோ விடாமல், கண் டாக்டரிடம் போங்கள்.

60 முதல் 120 ஆம்பியர் வரையிலான வேலைக்கு 10 அல்லது 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி. தானாகக் கறுக்கும் ஷீல்டு பழகுகிறவருக்கு நல்ல உதவி, ஏனென்றால் பற்றவைக்கும் முன் முனை எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியும். ஒவ்வொரு நாளும் போடும் முன் வெயிலைக் காட்டி அது கறுக்கிறதா என்று பாருங்கள். ஷீல்டுக்குள்ளே வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கணும், ஸ்லாக் (ராடு பூச்சு உருகி வெல்டின் மேல் படியும் கசடு) தட்டும்போது சூடான சில்லு கண்ணுக்குத்தான் பறக்கும்.

பருத்தி முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ், தோல் கையுறை, தோல் ஷூ. பேன்ட் ஷூவுக்கு வெளியே விழணும், மடித்துவிட்டால் அந்த மடிப்பில் பொறி போய்த் தங்கும். லுங்கி, செருப்பு, பாலியஸ்டர் எதுவும் ஆகாது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். தேங்காய் நார், காய்ந்த ஓலை, உரச்சாக்கு, நிழல்வலை எல்லாம் மாடித்தோட்டத்தில் இருக்குமே, அவற்றை முன்னாலேயே அப்புறப்படுத்துங்கள். வேலை முடித்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருந்து புகை வருகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மாடித்தோட்டம்_கோவை:

மூவருக்கும் மிக்க நன்றி. 6 மிமீ பட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மெஷினையும் உள்ளே வைத்துவிடுகிறேன். இரண்டு சந்தேகம். உருகிய குட்டையைப் பார் என்கிறீர்கள், ஆனால் கண்ணாடிக்குள் எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறமாகத் தெரிகிறது. எது இரும்பு, எது ஸ்லாக்? அடுத்து, பட்டையில் கை வந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது?

கரூர்_பட்டறை:

நல்ல கேள்வி, இது தெரிந்தால் பாதி வெல்டிங் வந்த மாதிரி.

வெளிச்சத்தின் நடுவைப் பார்க்காதீர்கள், அதற்கு ஒரு விரல் பின்னால் பாருங்கள். உருகிய இரும்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக, அசையாமல் நிற்கும். அதன் மேல் பின்பக்கத்தில் ஒரு வளைவான கோடு தெரியும், அந்தக் கோட்டுக்குப் பின்னால் நெளிந்து குமிழ் விட்டுக்கொண்டு மிதப்பது ஸ்லாக். அந்தக் கோடு எப்போதும் ராடுக்குப் பின்னால் இருக்கணும். அது முன்னால் ஓடி வந்து ராடைச் சூழ்ந்துகொண்டால் நீங்கள் இரும்பின் மேல் பற்றவைக்கவில்லை, ஸ்லாக்கின் மேல் பற்றவைக்கிறீர்கள். உள்ளே கறுப்பு மாட்டிக்கொள்ளும். 6013இல் இதுதான் பெரிய தொல்லை, ஸ்லாக் நிறைய, அதுவும் நீர்த்து ஓடும். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஆம்பியர் குறைவு, ராடு ரொம்பப் படுத்திருப்பது, கை மெதுவாகப் போவது. ராடை நிமிர்த்தி, இடைவெளியைக் குறைத்து, கொஞ்சம் வேகம் கூட்டினால் கோடு பின்னால் போகும். போகவில்லையென்றால் 5 ஆம்பியர் ஏற்றுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தையும் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. கயிறு போல உயர்ந்து, இருபக்கமும் இரும்போடு சேராமல் உருண்டு நின்றால் ஆம்பியர் போதவில்லை. தட்டையாகப் பரந்து, ஓரத்தில் பள்ளம் விழுந்து, ராடின் கடைசிப் பாதி சிவந்தால் ஆம்பியர் அதிகம். மேலே இருக்கும் அலைகள் அரைவட்டமாக இருந்தால் வேகம் சரி, கூராக அம்புமுனை போலிருந்தால் ஓடுகிறீர்கள். ஸ்லாக் பெரிய துண்டாகத் தானே கிளம்பி வந்தால் அந்த ஓட்டம் நல்ல ஓட்டம். பூச்சி அரித்தது மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தால் துரு, எண்ணெய், பெயின்ட், ஈர ராடு, நீண்ட இடைவெளி, இதில் ஏதோ ஒன்று.

முடிக்கும் இடத்தில் சட்டென்று தூக்கினால் குழி விழுந்து, அதில் வெடிப்பு வரும். ஒரு நொடி நின்று, வந்த வழியே 5 மிமீ பின்னால் போய்த் தூக்குங்கள். மறுபடி தொடங்கும்போது அந்தக் குழியின் ஸ்லாக்கைத் தட்டிவிட்டு, குழிக்கு 1 செமீ முன்னால் பற்றவைத்து, பின்னால் குழிக்கு வந்து, அது நிறைந்ததும் முன்னே போகணும். பற்றவைத்த இடத்தின் மேலேயே ஓட்டம் போவதால் அந்தத் தழும்பும் உருகி மறைந்துவிடும்.

வரிசை கேட்டீர்கள். முதலில் தகட்டின் மேல் நேர்க்கோடு. பிறகு ஒன்றின் பாதி மேல் அடுத்தது ஏறுகிற மாதிரி பக்கம் பக்கமாக ஓட்டங்கள், துண்டு முழுக்க. அது முடிந்தால் இரண்டு பட்டையை டி வடிவில் நிறுத்தி மூலை ஓட்டம்.

கை வந்ததா என்பதை அந்த டி துண்டே சொல்லும். ஒரு பக்கம் மட்டும் வெல்டு போட்டு, முழுக்க ஆறிய பிறகு வைஸில் பிடித்து, வெல்டு இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியால் அடித்து, வெல்டு பக்கமாகச் சாய்த்து உடையுங்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். மூலையின் அடி வரை கிழிந்த சாம்பல் நிறம் தெரிந்தால் இரும்பு சேர்ந்திருக்கிறது. நிற்கவைத்த பட்டையின் வெட்டுமுனை உருகாமல் நேர்க்கோடாக அப்படியே தெரிந்தால், வெல்டு மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்தது. கறுப்புக் கோடு ஸ்லாக், உருண்டைக் குழி காற்று. மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் உடைத்துப் பார்க்காத வெல்டை நம்பாதீர்கள். தொடர்ந்து பல துண்டுகள் அடி வரை சாம்பலாக உடைந்தால் டியூபுக்குப் போகலாம்.

கேட்_கிரில்_மதுரை:

டியூபுக்குப் போகும்போது நான் சேர்க்க வேண்டியவை.

16 கேஜுக்கு 12 நம்பர் ராடு 55 முதல் 65 ஆம்பியர். ஹாட் ஸ்டார்ட் திருகைப் பாதிக்கு மேல் வையுங்கள். தொடங்கும் நொடியில் மட்டும் ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்கும், 60இல் ஒட்டுகிற தொல்லை போய்விடும். ஆர்க் ஃபோர்ஸைக் (ராடு முனை இரும்பை நெருங்கும்போது ஆம்பியரைக் கூட்டுவது) குறைவாக வையுங்கள், மெல்லிய சுவரில் அது ஓட்டை போடும். ஹோல்டரை மைனஸிலும் எர்த்தைப் பிளஸிலும் மாட்டிப் பாருங்கள். 6013 இரண்டு பக்கமும் எரியும், மைனஸில் ஆழம் குறையும். 2 மிமீ ராடு கிடைத்தால் 45 முதல் 50இல் இன்னும் சுலபம், ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது. இன்னும் வாங்கவில்லை என்றால் 14 கேஜ் டியூபாக, அதாவது 2 மிமீ சுவராக வாங்குங்கள். எடையும் விலையும் கூடும், ஆனால் முதல் வேலைக்கு அந்த 0.4 மிமீ ரொம்பப் பெரிய வித்தியாசம்.

வெட்டு நேராக இருக்க வேண்டும். இரண்டு துண்டுக்கும் நடுவே அரை மிமீக்கு மேல் இடைவெளி இருந்தால் ஓட்டை நிச்சயம். மூலைமட்டம் வைத்து அடையாளம் போட்டு, மெல்லிய கட்டிங் வீலில் நான்கு பக்கமும் சுற்றி வெட்டுங்கள். 45 டிகிரி மூலை வேண்டாம், நேர்வெட்டு போதும். நடுவே இடைவெளி வந்தே விட்டால், தீர்ந்த ராடின் பூச்சைத் தட்டி உதிர்த்து, உள்ளிருக்கும் கம்பியை இடைவெளியில் வைத்துப் பற்றவையுங்கள்.

ஒரு டியூபின் முனை இன்னொன்றின் பக்கத்தில் முட்டுகிற இடத்தில், வெட்டிய விளிம்புதான் முதலில் உருகி ஓடும். அதனால் ஆர்க்கை முழுச்சுவர் உள்ள டியூபின் மேல் வைத்து, அங்கே குட்டை பிறந்ததும் விளிம்பைத் தொட்டுவிட்டு உடனே திரும்புங்கள். ஒரே மூச்சில் 1 இஞ்ச் போடாமல் 8, 10 மிமீயாகப் போட்டு நிறுத்தி, வேறொரு மூலைக்குப் போய்விட்டு வாருங்கள். நிற்கும் முகத்தில் மேலிருந்து கீழாக வேகமாக இறங்கினால் ஓட்டை விழாது. ஸ்லாக் உங்களைத் துரத்திக்கொண்டு வரும், அதற்கு முன்னால் போக வேண்டும். கீழ்நோக்கி இறக்கும் இந்த முறை மெல்லிய டியூபுக்கு மட்டும். 5 மிமீ ஆங்கிளில் இப்படி இறக்கினால் மேலோடு ஒட்டி நிற்கும், உள்ளே சேராது.

ஓட்டை விழுந்துவிட்டால் அந்தச் சூட்டிலேயே அடைக்கப் பார்த்தால் பெரிதாகும். சிவப்பு முழுக்கப் போகட்டும், ஸ்லாக்கைத் தட்டி பிரஷ் போட்டு, 10 ஆம்பியர் குறைத்து, ஓட்டையின் விளிம்பில் ஒரு நொடிப் புள்ளி வையுங்கள். அது மங்கும்போது அதன் மேல் பாதி ஏறுகிற மாதிரி அடுத்த புள்ளி. நடுவில் கறுத்துப் போனால் மறுபடி தட்டிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

ஃபிரேம் கோணாமல் வர: தரையில் எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொரு மூலையிலும் எதிரெதிர் முகங்களில் ஒவ்வொரு புள்ளி மட்டும் வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளக்கவும். 2 மிமீக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தட்டி நேராக்குங்கள், புள்ளி என்பதால் வளைந்து கொடுக்கும். வெல்டு ஆறும்போது தன் பக்கமாக இழுக்கும். எல்லா வெல்டையும் ஒரே முகத்தில் போட்டு முடித்தால் நீண்ட டியூப் வில்லாக வளையும். எதிர்முகம், எதிர்மூலை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். சூடான ஃபிரேமை மாடி ஓட்டின் மேல் நேரடியாக வைக்காமல் இரண்டு ஆங்கிள் துண்டின் மேல் வையுங்கள், ஓடு வெடிக்கும்.

ஸ்டாண்டு அமைப்பிலும் ஒரு யோசனை. 20 லிட்டர் தொட்டி ஈர மண்ணோடு 25 கிலோவைத் தாண்டும். அந்தச் சுமை வெல்டில் தொங்கக் கூடாது, டியூபின் மேல் உட்கார வேண்டும். ஒவ்வொரு அடுக்கின் குறுக்கு டியூபையும் பக்கத்தில் ஒட்டாமல், நீள டியூபின் மேலேயே படுக்க வைத்துப் பற்றவையுங்கள். கால்களுக்கு அடியில் 50 மிமீ சதுர, 3 மிமீ தகடு வைத்தால் தளத்தின் பூச்சில் குத்தாது.

நாகை_உப்புக்காற்று:

யாரும் ஜிஐ பற்றிப் பேசவில்லை. துருப்பிடிக்காது என்று நினைத்து ஜிஐ பைப்பையோ ஜிஐ டியூபையோ மாடித்தோட்டத்துக்கு வாங்குகிறவர்கள் உண்டு. அதன் மேல் பூச்சு துத்தநாகம். பற்றவைத்தால் வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம், உடல்வலி வரும். பொதுவாக ஓரிரு நாளில் போய்விடும், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. பால் குடித்தால் சரியாகும் என்பதை நம்பி வேலையைத் தொடராதீர்கள். வெல்டு வரும் இடத்தில் இருபுறமும் ஒரு இஞ்ச் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, காற்று முகத்திலிருந்து விலகிப் போகிற மாதிரி நின்று வேலை செய்யுங்கள். பழகும் காலத்தில் சாதாரண எம்எஸ் (பூச்சில்லாத மைல்ட் ஸ்டீல்) டியூப்தான் நல்லது.

மழைக்காலத்தில் ராடு ஈரம் வாங்கும். பாக்கெட்டைப் பிரித்த பிறகு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஈர ராடு சீறும், தெறிக்கும், பூச்சு உதிரும். 6013ஐ 100 முதல் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்தால் போதும், அதற்கு மேல் சுட்டால் பூச்சு கெட்டுவிடும், அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். சமையல் அவனில் வைக்காதீர்கள். 7018 நல்ல ராடு என்று கேள்விப்பட்டு வாங்கிவிடவும் வேண்டாம். அது 300 டிகிரி அளவில் காயவைத்துச் சூடாக எடுத்துப் பயன்படுத்த வேண்டிய ராடு, மறுபடி பற்றவைப்பதும் கடினம்.

பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம், தின்னர் டின் எதையும் கழுவிவிட்டோம் என்று சொல்லிப் பற்றவைக்க வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். பால்கனி கைப்பிடி, மாடிப்படி, ஊஞ்சல் கொக்கி மாதிரி ஆள் உயிர் தொங்குகிற வேலைகளும் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. முறையாகப் படிக்க விரும்பினால் ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு.

மாடித்தோட்டம்_கோவை:

அண்ணா, கடைசியாக ஒன்று. பழைய டியூப் துண்டு ஒன்றின் இரண்டு வாயையும் தகடு வைத்து மூடும்போது, இறுதியில் ஒரு ஊசித்துளை மட்டும் மூடவே மாட்டேன் என்கிறது. எத்தனை முறை புள்ளி வைத்தாலும் அதே இடத்தில் ஊதிக்கொண்டு வருகிறது.

கரூர்_பட்டறை:

உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரிந்து, கடைசியாகத் திறந்திருக்கும் வழியாகக் குட்டையைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. எந்தக் கைக்கும் அது மூடாது. டியூபின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் 3 மிமீ துளை ஒன்று டிரில் செய்துவிட்டுப் போடுங்கள், ஒரே புள்ளியில் மூடும். செடிக்கு ஊற்றும் தண்ணீர் எப்படியாவது உள்ளே போகும், அது வடியவும் அந்தத் துளை வேண்டும். அதனால் பிறகு அடைக்காதீர்கள்.

பெயின்டுக்கு முன் ஸ்லாக் ஒரு துணுக்குகூட மிச்சமிருக்கக் கூடாது. மூலைகளில் கண்ணாடி மாதிரி ஒட்டியிருப்பதைக் கூரான உளியால் சுரண்டி எடுங்கள். அதன் மேல் அடித்த பெயின்ட் சில மாதத்தில் அதோடு சேர்ந்து உரிந்து, அங்கிருந்துதான் துரு தொடங்கும். தெறித்த முத்துக்களையும் உளியால் தட்டிவிட்டு, தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட். தின்னர் துடைப்பது வெல்டிங் எல்லாம் முடிந்து இரும்பு முழுக்க ஆறிய பிறகுதான்.